அட்டைப்பெட்டியில் டிஜிட்டல் என்று போட்டிருந்தது

இந்தக் கதையை அவர் தன் மகளைத் தவிர எல்லாரிடமும் சொல்லிவிட்டார். தராசைப் பழுதுபார்க்கக் கொண்டுவருகிறவர்களிடம் சொல்லியிருக்கிறார். பேருந்தில் பக்கத்து இருக்கையில் வசமாக மாட்டிக்கொண்டவர்களிடம் சொல்லியிருக்கிறார். வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு பல் மருத்துவரிடம்கூடச் சொல்லப் பார்த்திருக்கிறார். ஆரம்பம் மட்டும் எப்போதும் ஒன்றுதான்.

"உலகத்துல முட்டாளுக்கா பஞ்சம்? ஆனா கருவி வாங்கி, ஆன்டெனா கட்டி, தன் முட்டாள்தனத்தைத் தானே கண்டுபிடிச்ச ஆள் நான் ஒருத்தன்தான்."

தெருவில் அவருக்குப் பெயர் சிக்னல். முகத்துக்கு நேரே 'சிக்னல் சார்', முதுகுக்குப் பின்னால் வெறும் சிக்னல். பிழைப்பு என்னவோ எடை இயந்திரங்களைச் சரிசெய்யும் பட்டறையில். அவருடைய மேசை மேல் வெல்வெட் வைத்த பெட்டி ஒன்றில் பித்தளைப் படிக்கற்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். விரலால் தொடமாட்டார். வியர்வை ஒட்டினால் எடை மாறிவிடும் என்று இடுக்கியால்தான் எடுப்பார். வேலையில் அவரைக் குறை சொல்ல ஆள் கிடையாது. வில்லங்கமெல்லாம் வாயைத் திறந்த பிறகுதான்.

மணி என்ன என்று கேட்டால் கடிகாரத்துக்குள் என்ன நடக்கிறது என்பதில் தொடங்குவார். ஃபேனைப் போடுங்கள் என்றால், அது ஏன் சுற்றுகிறது என்று தெரியாமல் அதன் கீழே உட்காருவது எவ்வளவு பெரிய அவமானம் என்று விளக்குவார். எதைச் சொன்னாலும் முன்னுரை ஒன்று உண்டு: "முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கணும்." இதைக் கேட்டதும் அவர் மனைவி அடுப்பில் ஏதோ தீய்கிற மாதிரி எழுந்து போய்விடுவார். கல்யாணமான புதிதில் கற்றுக்கொண்ட தற்காப்புக் கலை அது.

வீடு மாடிக் குடியிருப்பு ஒன்றில் இருந்தது. மகள் நூலகத்தில் வேலை செய்தாள், மாப்பிள்ளை மருந்துக்கடையில். பிரசவத்துக்கு வந்தவர்கள் அப்படியே தங்கிவிட்டார்கள். அதில் சிக்னலுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். காரணம் பேத்தி. ஃபேனைப் பற்றி அவர் சொல்வதை வாயைப் பிளந்துகொண்டு, ஃபேனையே பார்த்தபடி கடைசி வரை கேட்ட ஒரே ஆள் அந்தக் குழந்தைதான். கேட்டு முடித்துவிட்டு அவருடைய கட்டைவிரலைப் பிடித்துக்கொள்ளும். அவரும் விரலை உருவிக்கொள்ளாமல் கை மரத்துப்போகும் வரை அப்படியே நிற்பார்.

துணி உலர்த்துவதற்காகக் கட்டிய பால்கனிக்குக் கண்ணாடி போட்டுத் தன் ஆராய்ச்சிக்கூடம் ஆக்கியிருந்தார். அன்று முதல் வீட்டுத் துணியெல்லாம் கதவுகளின் மேலும் நாற்காலி முதுகுகளிலும்தான் காய்ந்தது. அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு பழைய லேப்டாப், அதில் செருகிய கட்டைவிரல் அளவுக் குச்சி, அதிலிருந்து கிளம்பும் வயர், வயரின் முடிவில் துணி மாட்டும் கம்பிகளை வளைத்துச் செய்த ஆன்டெனா. அந்தக் குச்சிதான் ரேடியோ. மாப்பிள்ளைக்கு அதை ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் விளக்கினார்.

"முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கணும் மாப்பிள்ளை. முள் தராசு பாத்திருக்கீங்கல்ல? முள் வழுக்கிக்கிட்டே போகும், எந்த இடத்துலயும் நிக்கும். அது அனலாக். நம்பர் காட்டுற தராசு படிக்கட்டு மாதிரி. ரெண்டு படிக்கு நடுவுல நிக்க இடம் கிடையாது. அது டிஜிட்டல். காத்துல வர்ற அலை முள் மாதிரி. இந்தக் குச்சி என்ன பண்ணுது? அந்த அலையை நொடிக்கு இருபது லட்சம் தடவை எடை போட்டு, நம்பரா லேப்டாப்புக்குக் குடுத்துடுது. பழைய ரேடியோவுல சுருளும் தகடும் பண்ணின வேலையெல்லாம் இப்ப சாஃப்ட்வேர் பண்ணுது. புரியுதா?"

"புரியுது மாமா" என்றார் மாப்பிள்ளை. அவருடைய சூப்பில் அதற்குள் ஆடை படிந்திருந்தது.

குழந்தை தூங்கும் அறையில் வைக்க ஒரு பேபி மானிட்டர் தேவைப்பட்டபோது, வேறு யாரையும் கடைப் பக்கமே விடவில்லை. தொட்டில் பக்கத்தில் ஒரு பெட்டி, அடுப்படி அலமாரியில் இன்னொன்று. அங்கே சிணுங்கினால் இங்கே கேட்கும். "அனலாக் வாங்கினா தெருவே ஒட்டுக்கேக்கும். இது டிஜிட்டல். எவனாலயும் தொட முடியாது" என்று அட்டைப்பெட்டியைத் தூக்கிக் காட்டினார். பெட்டியில் பெரிய எழுத்தில் டிஜிட்டல் என்று போட்டிருந்தது உண்மைதான். எது டிஜிட்டல் என்பதைப் பெட்டிக்கு அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள்: அதில் இருந்த கடிகாரமும், அறையின் வெப்பத்தைக் காட்டும் எண்ணும். குரல் பழைய வழியிலேயே, பச்சை அனலாக்காகக் காற்றில் போய்க்கொண்டிருந்தது. உலகத்துக்கே பொடி எழுத்தைப் படிக்கச் சொல்லும் மனிதர், அதைப் படிக்காமலே அந்த அட்டைப்பெட்டியைப் பால்கனிக்குக் கொண்டுபோய், தன் வயர்களைப் போட்டு வைத்துக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமை மாலை, காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, காற்றில் வரும் அலைகள் கோடு கோடாகத் தெரியும் லேப்டாப் திரையில் மேய்ந்துகொண்டிருந்தார். திடீரென்று ஒரு சிக்னல் கூரையை இடிப்பதுபோல் எழுந்து நின்றது. அதற்கு இரண்டு பக்கமும் அதே மாதிரி இன்னும் நான்கைந்து. தன் ஆன்டெனாவை எண்ணி அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. வலுவைக் கூட்டும் கெயின் என்ற பட்டையை ஏற்கெனவே உச்சியில்தான் வைத்திருந்தார். அவரிடம் எதுவுமே குறைச்சலாக இருக்காது. அந்த வரிசையில் ஒன்றைப் பிடித்துக் கேட்டார். குழந்தை மூச்சுவிடும் சத்தம். பிறகு ஒரு ஆணும் பெண்ணும் கிசுகிசுக்கும் சத்தம், மூக்கடைத்துக்கொண்டு தலையணைக்குள் பேசுகிற மாதிரி.

'எவனோ ஒரு மடையன் அனலாக் வாங்கியிருக்கிறான்' என்று நினைத்துச் சிரித்துக்கொண்டார். அடுத்தவர் வீட்டுப் பேச்சைக் கேட்பது தப்பு என்றும் தெரியும். அறிவியலுக்காக ஐந்தே நிமிஷம் என்று தனக்குத்தானே அனுமதி கொடுத்துக்கொண்டார்.

"இன்னிக்கும் ஆரம்பிச்சுட்டார்" என்றது ஆண் குரல். "குளிக்க வச்ச தண்ணியில தெர்மாமீட்டரை விட்டுட்டு, வெப்பம்னா என்னன்னு அரைமணி நேரம். தண்ணியே ஆறிப்போச்சு."

"பாசத்துலதான் பண்றார்."

"பாசம் இல்லன்னு நான் சொல்லல. ஆனா நம்ம குழந்தைக்கு நாம எது செய்யணும்னாலும் அவர்கிட்ட பரீட்சை எழுதி பாஸாக வேண்டியிருக்கு."

"நாம பாத்த அந்த வாடகை வீடு இன்னும் காலியாத்தான் இருக்கு. போயிடலாம். ஆனா அவர்கிட்ட யார் சொல்றது? அந்த முகத்தைப் பாத்தா எனக்கு அழுகை வந்துடும்."

சிக்னலுக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், இந்தச் சின்னஞ்சிறுசுகள்! அந்த வீட்டுப் பெரியவர் எப்பேர்ப்பட்ட கழுத்தறுப்பாக இருக்க வேண்டும்! தெர்மாமீட்டர் விட்டதில் தப்பில்லை, அவரும்தான் விடுகிறார். ஆனால் சுருக்கமாகச் சொல்லத் தெரிய வேண்டாமா? அந்த நேரம் ஹெட்ஃபோனுக்குள் குழந்தை அழுதது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவருடைய பேத்தியும் அழுதாள். இந்தப் பேட்டைக் குழந்தைகளுக்கெல்லாம் ஒரே நேரத்தில் பல் முளைக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

கதையின் இந்த இடத்துக்கு வரும்போது அவர் சற்று நிறுத்தி, கேட்பவர் சிரித்து முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருப்பார். "சிரிங்க, சிரிங்க. நான் மெதுவாத்தான் வரணும், அன்னிக்கும் மெதுவாத்தான் வந்தேன்" என்பார்.

அன்று சாப்பிடும்போது வாய் சும்மா இருக்கவில்லை. தான் கேட்டதை ஆதியோடந்தமாகச் சொன்னார். குரலை மாற்றி நடித்தும் காட்டினார். மகளின் கையிலிருந்த ஸ்பூன் தட்டில் விழுந்தது. மாப்பிள்ளைக்குப் புரையேறியது. மேசைக்கு அடியில் மனைவி அவர் காலில் ஓங்கி ஒரு உதை விட்டார். மேசைக்கால் இடிக்கிறது என்று இவர் காலை நகர்த்திக்கொண்டார்.

"அது... எந்த மாதிரி மானிட்டர்ப்பா?" என்று மகள் மெதுவாகக் கேட்டாள்.

"அனலாக்கும்மா! பச்சை அனலாக்! பக்கத்துல இருக்கறவங்க கேப்பாங்கன்னு ஒரு யோசனை வேண்டாம்?"

மகளும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அவங்க என்ன பண்ணணும்னு நீங்க நெனைக்கிறீங்க?" என்றாள் மகள்.

"போகணும்! பெட்டியைக் கட்டிக்கிட்டு நாளைக்கே போகணும். அவங்க குழந்தையை அவங்க வளக்கட்டும்."

"அந்தப் பெரியவர் மனசு ஒடஞ்சுடாதா?"

"ஒடையட்டுமே. அப்பதான் புத்தி வரும். தூரமா போனா பாசம் போயிடுமா? போகட்டும்மா, நல்லா இருக்கட்டும்." அவருடைய பேச்சு அவருக்கே ரொம்பப் பிடித்துப்போயிற்று. இன்னும் கொஞ்சம் சூப் வாங்கிக் குடித்தார்.

மகள் எழுந்து வந்து, அவர் தலையில் கையை வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாளிலிருந்து வீட்டில் அவருக்கு ராஜ மரியாதை. மகள் தன் கையாலேயே டீ கொண்டுவந்து கொடுத்தாள். காரணமே இல்லாமல் "அப்பா" என்று கூப்பிட்டுவிட்டு "ஒண்ணுமில்ல" என்றாள். சலவை இயந்திரம் துணியை எப்படிப் பிழிகிறது என்பதை மாப்பிள்ளை நின்று, முழுசாக, கண்ணில் ஈரத்தோடு கேட்டார். இத்தனை நாள் கத்தியது வீண்போகவில்லை, கடைசியில் இந்த வீட்டுக்கு அறிவின் அருமை தெரிந்துவிட்டது என்று சிக்னல் முடிவு செய்தார். மனைவி மட்டும் அவரை அவ்வப்போது உற்றுப் பார்த்துவிட்டு, ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் போனார்.

அந்த வாரமே பட்டறைக்கு ஒரு நகைக்கடைக்காரர் வந்தார். கையில் மோதிரம் எடை போடும் சின்னத் தராசு. கண்டபடி எண் காட்டுகிறது என்றார். விசாரித்தால், கடையில் யாரோ ஒரு தடித்த இரும்புப் பெட்டியை அதன்மேல் தூக்கி வைத்திருக்கிறார்கள்.

"முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கணும். இது நுணுக்கமான சாமான். தாங்குற அளவுக்கு மேல ஏத்தினா இது உண்மையைச் சொல்லாது. வாய்க்கு வந்ததைத்தான் சொல்லும்" என்றார் சிக்னல். சொன்னவர் இடுக்கியைப் பிடித்த கையோடு அப்படியே நின்றுவிட்டார். குச்சியும் ஒரு தராசுதானே? கெயினை உச்சியில் வைத்து அதன் தலையில் மூட்டையை ஏற்றியது யார்? திரையில் வரிசையாக நின்றவற்றில் ஒன்றுதான் உண்மை. மற்றவை திணறிப்போன குச்சி தானாகக் கிளப்பிய போலிகள். அதில் ஒரு போலியைக் கேட்டுத்தான் அவர் கண்ணீர் விட்டிருக்கிறார். அதனால்தான் மூக்கடைத்த குரல். தராசுக்காரனுக்கு இது தெரியாமல் போனதே என்று வெட்கமாகவும் இருந்தது, சரிசெய்துவிடலாம் என்று குஷியாகவும் இருந்தது.

மாலை வீட்டுக்கு வந்ததும் சட்டைகூட மாற்றாமல் பால்கனிக்குப் போனார். திரையில் அதே சிக்னல் வந்தது. கெயினை இறக்கினார். போலிகள் ஒவ்வொன்றாகப் படுத்தன. இன்னும் இறக்கினார். கடைசியில் ஒன்றே ஒன்று நின்றது. எவ்வளவு இறக்கினாலும் அது அசையவில்லை. இவ்வளவு வலுவாக வர வேண்டுமென்றால் அது மடியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டுமே என்று யோசித்தபடி அதைப் பிடித்துக் கேட்டார். குரல் பளிங்குபோல் வந்தது. அவர் தோளில் தூக்கி வளர்த்த குரல்.

"அப்பா எவ்வளவு நாசூக்காச் சொன்னார் பாத்தீங்களா? நாம பேசினதைக் கேட்டும் கோபப்படல. யாரோ ஒருத்தர் வீட்டுக் கதை மாதிரி சொல்லி, நமக்கு அவரே வழி விட்டுட்டார். அனலாக், அனலாக்னு ரெண்டு தடவை சொன்னதுகூட நமக்குப் புரியணும்னுதான்."

"நான் உங்கப்பாவை என்னமோன்னு நெனச்சிருந்தேன். அவருக்கு இவ்வளவு பெரிய மனசா?"

"நாளைக்குக் காலைல சொல்லிடலாங்க. இனிமே பயமில்ல."

சிக்னல், தன் வயர்களைப் போட்டு வைத்திருந்த மானிட்டர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்தார். அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார். கடிகாரம், வெப்பமானி. அட மண்டூகமே, என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்டார். அதைவிடப் பெரிய வசவு எதுவும் அப்போது வாயில் வரவில்லை.

சிரிப்பு அதோடு முடிந்தது. ஒரே ஒரு வாக்கியம் போதும். 'நீங்கதான்னு எனக்குத் தெரியாதும்மா, போகாதீங்க.' சொன்னால் மகள் இருந்துவிடுவாள், அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. பேத்தி இங்கேயே தவழும், இங்கேயே நடக்கும். படுக்கையில் புரண்டு புரண்டு அந்த வாக்கியத்தை ஒத்திகை பார்த்தார். அவர் வாழ்க்கையில் பேசிய அத்தனை பேச்சிலும் அதுதான் மிகச் சிறியது.

காலையில் இருவரும் வந்து அவர் முன்னால் நின்றார்கள். மகள் கையில் குழந்தை. "அப்பா, நாங்க அந்த வீட்டைப் பாத்து..." என்று தொடங்கினாள். வாக்கியம் அவர் நாக்கு நுனிக்கு வந்தேவிட்டது. நிமிர்ந்து மகளின் முகத்தைப் பார்த்தார். அவள் அவரை எப்போதும் பிரியமாகப் பார்த்திருக்கிறாள், பொறுத்துக்கொண்டும் பார்த்திருக்கிறாள். ஒரு பெரிய மனிதனைப் பார்ப்பதுபோல் இதுவரை பார்த்ததில்லை. அந்தப் பார்வைக்கு முன்னால், தான் வெறும் மடையன் என்ற உண்மையைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. தவிர, அந்தப் போலிக்குரலில் கேட்ட பேச்சு ஒன்றும் போலி இல்லை. தண்ணீர் ஆறிப்போனது நிஜம்.

"எப்போ?" என்றார்.

"அடுத்த வாரம்ப்பா."

"சாமான் ஏத்த நான் வரேன்."

அவ்வளவுதான் பேசினார். முன்னுரை இல்லை. மாப்பிள்ளை குனிந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

சாமான் ஏற்றும் நாளில் மாப்பிள்ளை தொட்டிலை வண்டியில் வைத்துப் போட்ட முடிச்சு, முதல் திருப்பத்திலேயே அவிழ்ந்துவிடும் முடிச்சு. சிக்னல் நாக்கைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். மாப்பிள்ளை முன்னால் போய் ஏறியதும் யாருக்கும் தெரியாமல் அதை அவிழ்த்து ஒழுங்காகக் கட்டினார். வண்டி கிளம்பும்போது குழந்தை அவர் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. மகள்தான் பிரித்துவிட்டாள்.

பேபி மானிட்டரை இங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள். குழந்தை தங்க வரும்போது உதவும் என்றாள் மகள்.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சே இல்லை. தன் வாயால்தானே குழந்தை போயிற்று என்று அவர் அந்த வாயைப் பூட்டிவிட்டார். காய்ந்த துணி மட்டும் நாற்காலிகளில் ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தது. பட்டறையிலும் கேட்ட கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னார். முதலாளியம்மாவே பயந்துபோய், உடம்புக்கு என்ன என்று விசாரித்தார். மாலையானால் பால்கனியில் உட்கார்ந்து, வழக்கமாக அந்தச் சிக்னல் நிற்கும் இடத்தைப் பார்ப்பார். அங்கே ஒன்றுமில்லை. புல் மாதிரிச் சின்னச் சின்ன இரைச்சல் மட்டும்.

அப்படி ஒரு மாலையில், புல்லுக்கு நடுவிலிருந்து அது சட்டென்று எழுந்து நின்றது. பதறிப்போய் ஹெட்ஃபோனை மாட்டினார்.

"கேக்குதா?" என்றது குரல். அவர் மனைவி. "கேக்கும், கேக்கும். எனக்கு அடுப்படியிலயே எல்லாம் கேட்டுது. ஒரு குச்சியும் தேவைப்படல."

சிக்னல் ஹெட்ஃபோனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டார்.

"உங்களுக்குத் தெரியாமதான் அன்னிக்கு அப்படிப் பேசினீங்கன்னு எனக்குத் தெரியும். மேசைக்கு அடியில அந்த உதை உதைச்சேன், உறைச்சாத்தானே? அப்புறம் ஒரு ராத்திரி பூரா புரண்டீங்களே, அப்பவே உங்களுக்கு விஷயம் தெரிஞ்சுடுச்சுன்னு புரிஞ்சுது. தெரிஞ்சும் நீங்க வாயைத் திறக்கல. நான் அவகிட்ட சொல்ல மாட்டேன். அவங்கப்பாவைப் பத்தி அவ அப்படியே நெனச்சுக்கிட்டு இருக்கட்டும்."

துணி மடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஆனா நீங்க இப்படி இருந்தா என்னால முடியாதுங்க. வீட்டுக்குள்ள இருக்கவே பயமா இருக்கு. எழுந்து இங்க வாங்க. வந்து இந்த ஃபேன் எப்படிச் சுத்துதுன்னு சொல்லுங்க. இந்தத் தடவை எழுந்து போக மாட்டேன்."

பழக்கதோஷத்தில் பதில் சொல்ல வாயைத் திறந்தார். மானிட்டரில் ஒரு பக்கம்தான் பேச முடியும் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போனார்.

குழந்தையின் அறையில், தொட்டில் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் மனைவி பாயில் உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. சிக்னல் வாசற்படியில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"முதல்ல ஒண்ணு..." என்று ஆரம்பித்தார். நிமிர்ந்து ஃபேனைப் பார்த்தார்.

மனைவி மடித்த துணியைத் தள்ளி வைத்துவிட்டு, அவர் உட்கார இடம் விட்டார்.

"மெதுவாச் சொல்லுங்க" என்றார். "நான் எங்கயும் போகல."